அடைக்கலப் பிள்ளைகள்

(பாச்சலூரில் கூடிய நம் சங்கக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காப்பிப் பழம் பறிக்கும் பருவம் இது. கூலிக்கு ஆள் கிடைத்தல் அரிதான இந்நாளில், ஒரு பகற்பொழுதின் வேலையை ஒதுக்கிவைத்து, மூடுபனியையும் பாராது நீங்கள் இத்துணைப் பேர் குடும்பத்துடன் வந்து கூடியிருத்தல் எமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கின்றது. வடகாட்டு வழியாக ஒட்டன்சத்திரத்திலிருந்து மலையேறி வந்தவரும் உளர், கே.சி.பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகிய ஊர்களிலிருந்து வந்தவரும் உளர். யாவருக்கும் எமது வணக்கம்.

எம்மைப் பேசுமாறு கிளைச் செயலாளர் பணித்தபோது, விவாகச் செலவைக் குறைத்தல் பற்றியோ விவசாயம் பற்றியோ பேசுவோம் என்று அவர் எண்ணியிருக்கலாம். அவை முன்பே பலமுறை பேசப்பட்டன. யாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. கடல் கடந்து வாழும் பெற்றோர் கொடைக்கானலில் உள்ள உறைவிடப் பள்ளிகளில் தம் பிள்ளைகளை விட்டுச் செல்கின்றனர். அப்பிள்ளைகளுக்கு ‘லோகல் கார்டியன்’ என்று நம்மிற் பலர் கையெழுத்திடுகின்றோம். அக்கையெழுத்தின் பொருள் யாது என்பதே எமது பேச்சின் பொருள்.

நம் மரபினர் இக்கீழ்மலையில் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் மலைவாழையும் பயிரிட்டு வாழ்ந்துவருகின்றனர். நம்முள் ஒரு சாரார் பாட்டனார் காலத்திலேயே மலேயாவுக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றனர். பின்னர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றவர் பலர். அவர்தம் மக்களுட் பலர் அவ்வந் நாட்டுக் குடிகளாகவே பிறந்தவர்கள். ஆயினும், ‘தமிழ் பேசும் மண்ணிற் சில ஆண்டு வளரட்டும்; குளிர்ந்த இடம், நல்ல பள்ளி’ என்று கருதிப் பெற்றோர் அவர்களை மேல்மலைக்கு அனுப்புகின்றனர். பள்ளியிற் சேர்க்கும் பத்திரத்திலே ‘உள்ளூர்ப் பாதுகாவலர்’ என்று ஓர் இடம் விடப்பட்டிருக்கும். அவ்விடத்தை நிரப்புவதற்கு மலையில் உறவினர் யார் உளர் என்று தேடுங்கால், அவர்களுக்குப் பாச்சலூர் நினைவுக்கு வருகின்றது. நாமும் மறுப்பதில்லை. மறுப்பது உறவுக்கு அழகன்று எனக் கருதுகின்றோம்.

இவ்விஷயத்திற் பிறருக்கு உபதேசம் செய்யும் தகுதி எமக்கு இல்லை. எமது பிழையை முதலில் உங்கள்முன் வைக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலியாண வீட்டில், பினாங்கிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் எம்மிடம் ஒரு பத்திரத்தை நீட்டினார். அவர் மைந்தனுக்கு அப்போது பதினொரு வயது. பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு கையில் காப்பித் தம்ளரோடு மற்றொரு கையாற் கையெழுத்திட்டோம். பத்திரத்தை வாசிக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அப்பிள்ளையைப் பள்ளியிற் சென்று ஒருமுறையேனும் பார்த்தோமில்லை. தீபாவளிக்கு ஒரு பலகாரப் பொட்டலம் அனுப்பினோம். அதனோடு கடமை தீர்ந்தது என்று எண்ணியிருந்தோம்.

ஓர் ஐப்பசி மாதத்து இரவு. பண்ணைக்காட்டுக்கு அப்பால் மரம் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. பையனுக்குக் கடும் வயிற்றுவலி. பள்ளியார் அவனை மலையிறக்கி மதுரைக்குக் கொண்டுசென்றனர். குடல்வால் அழற்சி எனக் கண்டு உடனே அறுவை செய்தல் வேண்டும் என்றார் மருத்துவர். பள்ளியார் எம் எண்ணுக்கு அழைத்தனர்; அவ்வெண்ணை யாம் மாற்றி ஓராண்டு ஆகியிருந்தது; பள்ளிக்கு அறிவித்தோமில்லை. தந்தையார் அப்போது விமானத்தில் இருந்தார். பினாங்கிற் கடிகாரம் நம்மதினும் இரண்டரை மணி முந்தி ஓடும். தாயார் தொலைபேசியை அணைத்துவிட்டு உறங்கிவிட்டார். வேறோர் உறவினர் வாயிலாக எமக்குச் செய்தி எட்டியபோது நடுநிசி. ஒட்டன்சத்திரம் இறங்கித் திண்டுக்கல் வழியாக யாம் மதுரை சேர்ந்தபோது பொழுது விடிந்துவிட்டது. மருத்துவர் நல்லவர், உயிருக்கு ஆபத்து என்று கண்டு, ஒருவர் கையெழுத்துக்கும் காத்திராமற் சிகிச்சை செய்துவிட்டார். அத்தகைய நேரத்தில் அவ்வாறு செய்யச் சட்டமும் இடந்தருகின்றது. பையன் பிழைத்தான்.

மறுநாள் அவன் கண்விழித்து எம்மைப் பார்த்தான். யாம் இன்னார் என்று செவிலி சொன்னார். அவன் சிறிது நேரம் எம் முகத்தையே பார்த்துவிட்டு, “உங்க பேரு என்னோட பாரத்துல இருக்கு. பார்த்திருக்கேன். உங்களை நான் எப்படிக் கூப்பிடணும்?” என்று கேட்டான்.

சபையோரே! அக்கேள்வி இன்றுவரை எம் செவியில் ஒலிக்கின்றது. இரண்டு ஆண்டு யாம் அவனுக்குப் பாதுகாவலர். அவனோ எம்மை மாமா என்பதா, தாத்தா என்பதா என்று அறியான். அன்று பட்ட நாணமே இன்று எம்மை இம்மேடையில் நிறுத்தியுள்ளது.

நிற்க. பிறர் பிள்ளையை ஏற்றுக் காத்தல் நமக்குப் புதிய வழக்கமன்று. தமிழில் அதற்கு ‘அடைக்கலம்’ என்று பெயர். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை உண்டு. மதுரைப் புறஞ்சேரியிற் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் மூதாட்டியிடம் ஒப்புவிக்கின்றார். மாதரி என்ன செய்தாள்? தனித்து ஒரு மனை கொடுத்தாள். தன் மகள் ஐயையைத் துணையாக வைத்தாள். வந்தவர் சாவக நோன்பினர் என்பதை அறிந்து, அவர்தம் ஒழுக்கத்துக்கு ஏற்பப் புதுக்கலங்களையும் சமைத்தற்குரிய பொருள்களையும் கொடுத்தாள். தன் வீட்டு உணவையே உண்க என்று வற்புறுத்தினாளில்லை. பின்னர் நேர்ந்த கேட்டில் அவள் குற்றம் அணுவளவும் இல்லை. ஆயினும், அடைக்கலப் பொருளை இழந்தோமே என்று ஆற்றாது தீப்புகுந்தாள் எனக் காப்பியம் கூறும். நம்மை யாரும் தீப்புகச் சொல்லவில்லை. பத்திரத்தை வாசித்துப் பார்க்கவும், எண் மாறினால் அறிவிக்கவும், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கவுமே சொல்கின்றனர். அதனையும் செய்யோமாயின் அடைக்கலம் என்னும் சொல்லை நாம் வாயாற் சொல்லலாகாது.

இனி, பிறர் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகளின் கதை உலகில் எவ்வாறு இருந்தது என்பதைச் சிறிது பார்ப்போம்.

1865-ஆம் ஆண்டிற் பம்பாயிற் பிறந்தவர் ருட்யார்ட் கிப்ளிங் என்னும் ஆங்கில ஆசிரியர். 1871-இல், ஆறு வயது நிரம்புமுன்னரே, அவரையும் அவர் தங்கையையும் பெற்றோர் இங்கிலாந்தில் சவுத்சீ என்னும் ஊரில், பணம் பெற்றுப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தில் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினர். அவ்வீட்டில் அவர் ஐந்து ஆண்டுக்கு மேல் அடியும் அவமதிப்பும் பட்டார். 1877-இலே தாயார் வந்த பின்னரே விடுதலை கிடைத்தது. இதிற் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் அவர் தம் சிற்றன்னையின் வீட்டுக்குச் சென்று மகிழ்ச்சியுடன் தங்கி வந்தார். அங்கே ஒருநாளும் தம் துன்பத்தைச் சொன்னாரில்லை. குழந்தை தனக்கு நேர்வதை உலக இயற்கை என்றே எண்ணிக்கொள்ளும். ஆதலின் வாய் திறவாது. ‘பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையே’ என்று நாம் ஆறுதல் கொள்வது எத்துணைப் பேதைமை என்பதற்கு இஃது ஒரு சான்று.

மற்றொருவர் நாமெல்லாம் அறிந்தவர். பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர். 1879-இல் அவருக்கு ஏழு வயதாயிருக்கும்போது, தந்தையார் டாக்டர் கிருஷ்ணதன கோஷ் அவரையும் தமையன்மார் இருவரையும் மான்செஸ்டர் நகரில் துருவெட் என்னும் பாதிரியார் குடும்பத்தில் ஒப்புவித்தார். அக்குடும்பத்தார் நல்லவர்களே; லத்தீன் முதலியவற்றைச் செம்மையாகக் கற்பித்தனர். ஆனால் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். லண்டனிற் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மூதாட்டியாரும் பின்னர்ப் பிரிந்தார். தந்தையார் அனுப்பும் பணம் காலத்தில் வாராதாயிற்று. காலையில் தேநீரும் ரொட்டித் துண்டும், மாலையில் அற்ப உணவுமாக, நல்ல மேலங்கியும் இன்றி அச்சகோதரர் குளிர்காலத்தைக் கழித்தனர். 1892-இல் மகன் புறப்பட்ட கப்பல் மூழ்கிற்று என்னும் பொய்ச் செய்தி கேட்டுத் தந்தையார் உயிர் துறந்தார். மகனோ அக்கப்பலில் ஏறவே இல்லை. 1893-இல் வேறொரு கப்பலில் நலமாக வந்து இறங்கினார். பாதுகாவலர் மாறியதும், பணம் தவறியதும், செய்தி பிழைத்ததும் ஒரு குடும்பத்தை இப்பாடு படுத்தின. இவை மூன்றும் இன்றும் நேரக்கூடியவை.

நம் மலையில் முதன்முதல் எழுந்த புகழ்பெற்ற உறைவிடப் பள்ளியே இத்தகைய பிரிவை அஞ்சி எழுந்ததாகும். மதுரை முதலிய இடங்களில் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரிமார் 1845 முதற் கொடைக்கானலிற் கோடைக்காலம் கழித்துவந்தனர். அவர்தம் பிள்ளைகள் வளர்ந்தபோது, படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பிப் பல ஆண்டு காணாதிருத்தல் வேண்டியதாயிற்று. அத்துயரைத் தவிர்க்கவே 1901-ஆம் ஆண்டில் ஹைகிளர்க் பள்ளி கொடைக்கானலில் நிறுவப்பெற்றது. பெற்றோர் சமவெளியில் இருந்தாலும் மலையேறி வந்து பார்க்கலாம். கோடையில் தாய்மார் வந்து உடன் தங்கலாம். அப்பள்ளியே 1970-களிற் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக மாறிற்று. காலத்தின் விசித்திரத்தைப் பாருங்கள்! பெற்றோருக்கு அண்மையிற் பிள்ளைகளை வைத்துக்கொள்ளப் பிறந்தது அப்பள்ளி. இன்றோ பெற்றோர் கடலுக்கு அப்பாலும் பிள்ளைகள் மலைமேலுமாக இருக்கின்றனர். இடையில் உள்ள வெளியை நிரப்ப வேண்டியவர் பாதுகாவலரே.

மேல்நாட்டார் இவ்வெளியைச் சட்டத்தால் நிரப்ப முயன்றுள்ளனர். கனடாவிற் பெற்றோரின்றிப் படிக்கவரும் இளஞ்சிறாருக்கு, அந்நாட்டுக் குடியோ நிரந்தரவாசியோ ஆன ஒருவர், நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதித்தருதல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 18 வயது நிரம்பாத மாணவனோடு பெற்றோரோ, பெற்றோர் குறித்த 21 வயது நிரம்பிய நல்லொழுக்கமுள்ள உறவினரோ இருத்தல் வேண்டும். இன்றேல், அவன் உறைவிடமும் நலமும் தம் பொறுப்பு என்று கல்வி நிலையத்தார் எழுதிக்கொடுத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை, பெற்றோரோ நெருங்கிய உறவினரோ அல்லாதார் வீட்டில் 28 நாளும் அதற்கு மேலும் தங்குமாயின், அவ்வூர் ஆட்சி மன்றத்துக்கு அறிவித்தே ஆகவேண்டும். அங்கே 1994-இல் வெளிநாட்டு மாணவர் பாதுகாவலுக்கென்றே ஏஜிஸ் என்னும் சங்கம் தோன்றியது. பாதுகாவலரை அமர்த்தும் நிறுவனங்களைச் சோதித்துத் தகுதி அளிப்பது அதன் வேலை.

அந்நாட்டவர் இத்துணைக் கண்டிப்பாக இருத்தற்குக் காரணம் உண்டு. விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டினள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளைத் தந்தைவழி அத்தைப்பாட்டி முறையான ஒருத்தியிடம் ஒப்புவித்தனர். 2000-ஆம் ஆண்டில், லண்டனில், அவ்வுறவினளும் அவள் துணைவனும் செய்த கொடுமையால் அக்குழந்தை இறந்தது. அதன்பின் நடந்த விசாரணையின் அறிக்கை 2003-இல் வெளிவந்தது. அந்நாட்டுக் குழந்தைப் பாதுகாப்பு முறையே அதனால் மாறிற்று. சபையோரே! நம் சங்கம் உறவையும் குலத்தையும் அடித்தளமாகக் கொண்டது. ஆதலின் நாம் பிறரினும் மிகுதியாக நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி இது. உறவு என்பது காவலுக்கு ஒரு தொடக்கமேயன்றிக் காவல் ஆகாது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கின்றது? 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பும்வரை ஒருவர் மைனர். மைனருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம் 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்படி நீதிமன்றத்துக்கே உரியது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையையும், அவருக்குப் பின் தாயையும் இயற்கைப் பாதுகாவலர் என்கின்றது. ‘பின்’ என்பது தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்படாது, அவர் கவனிக்க இயலாதபோது தாயும் செயற்படலாம் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் விளக்கிற்று. ‘லோகல் கார்டியன்’ என்னும் சொல்லோ இச்சட்டங்களில் யாண்டும் இல்லை. அது பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே வழக்கத்தால் உண்டான ஏற்பாடு. பெற்றோர் எழுத்து மூலமாக எவ்வளவு அதிகாரம் கொடுத்தனரோ அவ்வளவே நமக்கு உண்டு. எழுத்து இல்லையேல் வெறும் பெயரே மிஞ்சும்.

ஆதலின் ஏற்பவர் செய்யவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்வோம்.

முதலாவது, எழுத்து. விடுமுறையிற் பிள்ளையை அழைத்துச் செல்லுதல், மருத்துவரோடு கலந்து பேசுதல், பெற்றோர் அகப்படாத அவசர நேரத்திற் சிகிச்சைக்கு ஒப்புதல் தருதல் ஆகிய அதிகாரங்களைப் பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட பத்திரத்தில் விளக்கமாகப் பெறுக. நமக்கு இல்லாத அதிகாரங்களையும் அதில் எழுதுக: பள்ளியை மாற்றுதல், வேறொருவரிடம் பிள்ளையை ஒப்புவித்தல் முதலியன நம்முடையன அல்ல. அதிகாரப் பத்திரம் வெளிநாட்டில் எழுதப்பெறுமாயின் இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ சான்று பெற்று வருதல் நன்று. இங்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்துதல் வேண்டும்.

இரண்டாவது, செய்தி. நம் எண், வீட்டில் மற்றொருவர் எண், மலையடிவாரத்தில் உள்ள ஓர் உறவினர் எண் ஆகிய மூன்றும் பள்ளியில் இருத்தல் வேண்டும். நம் ஊரில் மழைக்காலத்தில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே நின்றுபோதல் நீங்கள் அறியாததன்று. ஆதலால், பாச்சலூரில் ஒருவர் மட்டும் பாதுகாவலராயிருத்தல் போதாது. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இரண்டாமவர் ஒருவரையும் குறித்தல் வேண்டும்.

மூன்றாவது, பார்த்தல். மாதம் ஒருமுறை நேரிற் செல்க. தின்பண்டம் கொடுத்துவிட்டு உடனே திரும்பாதீர். பள்ளி வளவுக்கு வெளியே அழைத்துச் சென்று, ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்து, அவன் பேசும்வரை பொறுத்திருங்கள். மார்க்கைக் கேட்குமுன் நண்பன் யார் என்று கேளுங்கள். முன்பு கலகலவென்று பேசிய பிள்ளை பேச்சுக் குன்றினால் அதுவே ஒரு செய்தி.

நான்காவது, வீடு. விடுமுறையில் நம் வீட்டுக்கு வரும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும். நம் காரம் அதற்கு ஒவ்வாதிருக்கலாம். நம் பேச்சும் முழுதும் விளங்காதிருக்கலாம். ‘தமிழே தெரியவில்லையே’ என்று நான்கு பேர் முன் நகையாடற்க. மாதரி புதுக்கலம் கொடுத்ததை நினைவு கூர்க. இவையனைத்தும் வீட்டுப் பெண்மக்கள்மேல் விழும் பாரம். ஆதலின் ஆடவர் கையெழுத்திடுமுன் இல்லாளின் சம்மதத்தைக் கேட்டறிதல் முறை. இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளை நம் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். ஹோட்டல்காரருக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது இல்லங்களுக்கும் உரியது.

ஐந்தாவது, பணம். பெற்றோர் அனுப்பும் தொகையை நம் வரவு செலவோடு கலவாது, தனிக் குறிப்பேட்டில் எழுதி மாதந்தோறும் அனுப்புக. மிளகு விற்ற பணம் வந்ததும் வைத்துவிடலாம் என்று எடுத்துச் செலவிடுதல் உறவையும் கெடுக்கும், பிள்ளையையும் வருத்தும்.

ஆறாவது, யாரிடம் கொடுப்பது என்பது. பெற்றோரிடையே மனவேற்றுமை உண்டாகி, ஒருவர் மட்டும் வந்து பிள்ளையை அழைத்துப் போக விரும்புதல் இக்காலத்தில் நேர்கின்றது. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு முறைகேடாகக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் நம் நாடு சேரவில்லை. ஆதலின் வழக்கு நீண்டுவிடும். நீதிமன்ற ஆணை ஏதேனும் உண்டா என்று முதலிலேயே கேட்டு நகல் பெற்று வைத்துக்கொள்க. நாமாக ஒரு பக்கம் சேரற்க.

ஏழாவது ஒன்று உண்டு. அதனைச் சொல்லும்போது யாம் தயங்கவில்லை. நீங்களும் கேட்கத் தயங்கற்க. பிள்ளை ஒருநாள் உங்களிடம் வந்து, விடுதியிலோ வேறெங்கோ, ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்தார் என்று சொல்லலாம். அவர் ஆசிரியராயிருக்கலாம், மூத்த மாணவராயிருக்கலாம், நம் உறவினராகவும் இருக்கலாம். அப்போது நம் வழக்கம் யாது? ‘வெளியிற் சொல்லாதே, குடும்ப மானம் போய்விடும்’ என்பது. மானம் பிள்ளையினும் பெரிதன்று. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் போலீசாருக்கு அறிவித்தே ஆகவேண்டும், மறைத்தலே தண்டனைக்குரியது. வெளிநாட்டுக் குழந்தைக்கும் அச்சட்டம் காவல். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டுங்கள். பஞ்சாயத்தில் வைத்து முடித்துவிடலாம் என்று நம் சங்கத்தை எவரும் நாடற்க. சங்கம் அதற்கு உடன்படுமாயின் அது சங்கம் அன்று.

கடல் கடந்த பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. நம் பத்திரிகை அவர்களுக்கும் செல்கின்றது. அன்பர்களே! உறவினர் மறுக்கமாட்டார் என்பதற்காகப் பத்திரத்தை நீட்டாதீர். அவருக்கு வண்டி உண்டா, உடல்நலம் உண்டா, மனமுண்டா என்று கேளுங்கள். பள்ளியிற் சேர்க்குமுன் பிள்ளையை அவர் வீட்டில் நான்கு நாள் தங்கவிடுங்கள். எந்த உறவுமுறை சொல்லி அழைப்பது என்பதை முதலிற் கற்பியுங்கள். அவர் ‘இயலாது’ என்பாராயின் கோபம் கொள்ளற்க. அரைமனத்தோடு ஏற்பவரினும், மறுப்பவர் உங்கள் பிள்ளைக்குப் பெரிய நன்மை செய்தவராவர்.

முடிவாக, நம் சங்கம் செய்யத்தக்கவை இரண்டு மூன்று கூறி அமைவோம். பாதுகாவலராக இருக்க மனமுவந்த குடும்பங்களின் பட்டியல் ஒன்று வேண்டும்; ஆனால் பெயர் கொடுத்தவரையெல்லாம் சேர்த்துவிடாது, இருவர் சென்று வீட்டைப் பார்த்து, வீட்டாரோடு பேசிய பின்னரே சேர்த்தல் வேண்டும். மேலே கூறிய அதிகாரப் பத்திரத்துக்கு வக்கீல் ஒருவர் உதவியோடு மாதிரி ஒன்று அச்சிட்டு வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அப்பிள்ளைகளை ஒருங்கே அழைத்து, நம் தோட்டங்களைச் சுற்றிக்காட்டி, ஒரு வேளை உணவளித்து, அவர்கள் சொல்வதைக் கேட்கலாம். அழைக்கும்போது, நம் மரபினர் பிள்ளையோ பிறர் பிள்ளையோ என்று பாராதிருத்தல் வேண்டும். இரவில் வயிற்றுவலி வந்த பிள்ளையிடம் நீ எக்குலம் என்று கேட்பார் உளரோ?

மற்றொன்று. இங்கு அமர்ந்திருக்கும் தாய்மாரிற் பலர், மேல்நிலைப் படிப்புக்கென்று தம் மக்களை ஒட்டன்சத்திரத்திலும் பழனியிலும் திண்டுக்கல்லிலும் விடுதிகளில் விட்டிருக்கின்றீர்கள். இம்மலைப் பளியர் பிள்ளைகளும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலே தங்கிப் படிக்கின்றனர். பினாங்குத் தாய்க்கும் பாச்சலூர்த் தாய்க்கும் இரவில் வரும் கவலை ஒன்றே. கீழே நகரங்களில் வாழும் நம் அங்கத்தினர் மலைப்பிள்ளைகளுக்கு இதே காவலைச் செய்வாராயின், நாம் பிறர் பிள்ளைக்குச் செய்வது பொருளுடையதாகும்.

அப்பையன் இப்போது வளர்ந்துவிட்டான். அந்நிகழ்ச்சிக்குப் பின் மாதந்தோறும் சென்று பார்த்தோம். விடுமுறைதோறும் நம் வீட்டுக்கு வந்தான். காப்பிக் களத்திற் பழம் துழாவக் கற்றான். எம் மனைவியாரை அத்தை என்று அழைத்து, அவர் சுட்ட கேழ்வரகு அடையைக் கேட்டு வாங்கி உண்டான். படிப்பு முடிந்து ஊர் திரும்பும் நாளில் எம்மை, “மாமா, போயிட்டு வர்றேன்” என்றான். இரண்டு ஆண்டு தாமதித்துப் பெற்ற அச்சொல்லை முதல் நாளிலேயே பெற்றிருக்கலாமே என்பதே எமது குறை. உங்களுக்கு அக்குறை நேராதிருக்குமாக.